அடுக்களை ஹைக்கூ

அவைத் தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, பள்ளி விட்ட கையோடு சீருடையிலேயே வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளே, வழக்கம்போலப் பின்வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் மாலை வணக்கம்.

அழைப்பிதழில் என் பேச்சுக்கு ‘அன்றாட வாழ்வில் ஹைக்கூ’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனாலும் நான் அதைத் திண்ணையில் நிற்க விடாமல், கூடத்தைத் தாண்டி, நேரே சமையற்கட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறேன். இன்று நான் பேச வந்திருப்பது அடுக்களை ஹைக்கூவைப் பற்றி.

இந்தப் பெயர் நான் வைத்ததில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் புழங்கிய பெயர். முதலில் அது ஒரு பத்திரிகைப் பகுதியாக வந்தது. கொஞ்ச காலத்தில் ஏளனப் பேச்சாக மாறியது. ‘ஓ, அடுக்களை ஹைக்கூவா?’ என்று மூக்கைச் சுளித்தார்கள். அப்படி மூக்கைச் சுளித்த இடத்தில்தான் ஹைக்கூ எழுதுவதன் இன்பமே இருக்கிறது என்பது என் கட்சி. தலைவர் எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் என் கட்சியை நிலைநாட்டப் பார்க்கிறேன்.

1916ஆம் ஆண்டுக்குப் போவோம். பாரதி புதுச்சேரியில் இருக்கிறார். அந்த ஆண்டு அக்டோபரில் சுதேசமித்திரனில் ‘ஜப்பானியக் கவிதை’ என்று ஒரு கட்டுரை எழுதுகிறார். யோனே நொகுச்சி என்ற ஜப்பானியக் கவிஞர் எழுதியதைப் படித்துவிட்டு, ஹைக்கூக் கவிஞர் பாஷோவின் பெயரைத் தமிழ் வாசகர்களிடம் கொண்டுவந்து சேர்க்கிறார். பாட்டென்றால் நூற்றுக்கணக்கில் அடுக்கிப் பழகிய நாட்டில், இத்தனை சிறிய பாட்டா என்ற வியப்பு அவருக்கு.

அதே 1916. தோக்கியோ நகரம். ‘ஹொதோதொகிசு’ என்று ஒரு பத்திரிகை. குயில் இனத்துப் பறவை ஒன்றின் பெயர் அது. ஜப்பானின் ஹைக்கூ உலகத்தையே ஆட்டிவைத்த பத்திரிகை. அதன் ஆசிரியர் தகஹாமா கியோஷி. அவர் அந்த ஆண்டில் பெண்களுக்கென்று ஒரு பகுதியைத் திறக்கிறார். சமையலறையைப் பற்றி எழுதி அனுப்புங்கள் என்கிறார். சட்டி, பானை, கத்தி, அடுப்பு, முள்ளங்கி எதுவானாலும் சரி. பகுதியின் பெயரே சமையலறைப் பாக்கள்!

இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டா? கிடையாது. பாரதிக்கு அந்தப் பகுதி பற்றித் தெரிந்திருக்க வழியில்லை. அந்தப் பெண்களுக்குப் புதுச்சேரி என்று ஓர் ஊர் இருப்பதே தெரிந்திருக்காது. தற்செயல்தான். இருந்தாலும், மேடையில் பேசுகிறவனுக்கு இப்படி ஒரு தற்செயல் கிடைத்தால் விட மனம் வருமா?

சரி, கேள்விக்கு வருவோம். ஏன் சமையலறை? மலை இல்லையா, கடல் இல்லையா, நிலவு இல்லையா? பாஷோ பல நூறு மைல் நடந்தே போய் வடநாட்டைப் பார்த்து எழுதிய வடிவத்தை எதற்காக அடுப்பங்கரையில் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும்?

விடை வடிவத்திலேயே இருக்கிறது. ஹைக்கூ என்றால் ஜப்பானிய மொழியில் ஐந்து, ஏழு, ஐந்து என்று பதினேழு ஒலியலகு. நாம் மூன்று வரியாக மடக்கி எழுதுகிறோம். அவர்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஒரே வரியாக அச்சிடுகிறார்கள். ஓரிடத்தில் ஒரு வெட்டு விழும். பருவத்தைக் காட்ட ஒரு சொல் இருக்கும். மரபான இலக்கணம் ஏறக்குறைய அவ்வளவுதான். தமிழில் எழுதும்போது விரல் விட்டுப் பதினேழு எண்ண வேண்டியதில்லை. நம் மொழியின் ஓசைக் கணக்கு வேறு. சிறியதாக இருந்தால் போதும், நடுவில் ஒரு மூச்சு விடும் இடம் இருந்தால் போதும்.

இந்தப் பதினேழு ஒலியலகுக்குள் ஒரு கதை சொல்ல முடியுமா? முடியாது. ஒரு கொள்கையை விளக்க முடியுமா? முடியாது. நீங்கள் பார்த்திராத ஒரு பொருளை உங்களுக்கு அறிமுகம் செய்யவாவது முடியுமா? அதற்கும் இடம் போதாது. அப்படியானால் என்னதான் செய்ய முடியும்? உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் பெயரைச் சொல்ல முடியும். பெயரைச் சொன்ன மாத்திரத்தில் மற்றதெல்லாம் உங்கள் மனத்திலிருந்து எழுந்து வர வேண்டும். எழுதுகிறவர் பாதிதான் தருகிறார். மறுபாதியைக் கேட்கிறவர் தன் வீட்டிலிருந்து எடுத்து வருகிறார். எல்லோர் வீட்டிலும் இருக்கிற பொருளைப் பற்றி எழுதினால்தானே எல்லோராலும் எடுத்துவர முடியும்? அதனால்தான் சமையலறை. அதனால்தான் அன்றாடம்.

வாயால் சொன்னால் போதாது, ஒன்றை எழுதிப் பார்ப்போம்.

மூன்றாவது விசில்
எழுந்து போகிறார்கள்
இரண்டு வீட்டிலும்

சிரிக்கிறீர்கள். ஏன் சிரித்தீர்கள்? நான் குக்கர் என்று சொல்லவே இல்லையே! சுவர் மெல்லியது என்று சொன்னேனா? ஒட்டினாற்போல இருக்கும் காம்பவுண்டு வீடுகள் என்று சொன்னேனா? இரண்டு வீட்டிலும் பருப்பு வேகிறது, இரண்டு வீட்டிலும் யாரோ கூடத்தில் உட்கார்ந்து காதால் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், எது யார் வீட்டு விசில் என்ற குழப்பம் அங்கே நெடுநாளாக இருக்கிறது என்றெல்லாம் சொன்னேனா? ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நீங்களே கொண்டுவந்தீர்கள். பின்வரிசையில் முதலில் சிரித்தார்களே அந்த அம்மா, அவர் வீட்டுக் குக்கர் இன்று காலை விசிலடித்த குக்கர். என் கவிதையில் இருப்பதைவிட அவர் மனத்தில் இருக்கும் குக்கர் நல்ல குக்கர்.

எழுதுகிறவனுக்கு இதில் என்ன இன்பம் என்று கேட்டால், இதுதான் இன்பம். தனியாக ஒன்றைப் பார்த்தேன், அது தனியாக இல்லை என்று தெரிகிறது.

ஜப்பானியர்கள் இதை அப்படியே விட்டுவிடவில்லை. கச்சிதமாக ஒரு காரியம் செய்தார்கள். எல்லோருக்கும் பொதுவான பொருள்களுக்கு ஒரு பேரேடே போட்டார்கள். சைஜிகி என்பார்கள். ஹைக்கூ எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் அகராதி. எந்தச் சொல் எந்தப் பருவத்துக்கு உரியது என்று அதில் வரிசையாக இருக்கும். செர்ரிப் பூ வசந்தத்துக்கு, நிலா இலையுதிர் காலத்துக்கு என்று மட்டும் இருந்தால் நான் இங்கே அதைச் சொல்ல மாட்டேன். பீர் இருக்கிறது, கோடைக்கு. மின்விசிறி இருக்கிறது, கோடைக்கு. கொசுவலை கோடைக்கு. முகக்கவசம் குளிர்காலத்துக்கு. போர்வை போர்த்திய கணப்பு மேசையும் குளிர்காலத்துக்கு. தர்ப்பூசணி மட்டும் இலையுதிர் காலத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது! பழைய நாள்காட்டிக் கணக்கு அது. மின்விசிறி என்ற சொல்லைப் பார்த்ததும் அவர்களுக்கு வியர்வை தெரிகிறது, இரவின் புழுக்கம் தெரிகிறது, தூங்காத குழந்தை தெரிகிறது. ஒரு சொல்லுக்குள் ஒரு பருவத்தையே மடித்து வைத்துவிட்டார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். கார் முதல் முதுவேனில் வரை ஆறு பெரும்பொழுது. நிலத்துக்கொரு மரம், நிலத்துக்கொரு பறவை, நிலத்துக்கொரு பறை, நிலத்துக்கொரு உணவு. நெய்தல் நிலத்துப் பறவை ஒன்றைச் சொல்லிவிட்டாலே இரங்கல் வந்துவிடும் என்று நம்பி எழுதியவர்கள் நம் முன்னோர். பெயரைச் சொல்லி மீதியைக் கேட்பவரிடம் விடும் கலை நமக்குப் பழக்கமானதுதான். அதற்காக, ‘ஹைக்கூவே எங்களுடையது’ என்று யாரும் நாளைக்குத் தீர்மானம் போட்டுவிடாதீர்கள். அவர்கள் வளர்த்த செடி அது. நம் மண்ணில் அது வேர்பிடிக்க ஏன் சுலபமாக இருந்தது என்பதற்கு மட்டும் இது காரணமாக இருக்கலாம்.

இன்றைக்கு நமக்கென்று ஒரு சைஜிகி தொகுத்தால் அதில் எதையெல்லாம் சேர்ப்போம்? பிள்ளைகளே, நீங்கள் சொல்லுங்கள். ஜூன் மாதம் என்றால் என்ன? புது நோட்டுக்குப் பிரவுன் அட்டை போடுவது. சரியா? ஆடி என்றால் கதவு தானாகச் சாத்திக்கொள்வது. ஐப்பசி என்றால் காயாத துணி. மார்கழி என்றால் ஆறு மணிக்கு முன்னாலேயே ஒலிபெருக்கி. பங்குனி என்றால் வெள்ளரிப் பிஞ்சு. சித்திரைக் கடைசியில் கத்திரி தொடங்கினால் மொட்டைமாடியில் வடகம். இவற்றில் எது மலை, எது கடல்? ஒன்றும் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பருவம் இருக்கிறது.

கத்திரி வெயில்
வடகத்தின் நடுவே
விரித்த கறுப்புக் குடை

காக்கைக்காக வைத்த குடை என்று நான் விளக்க வேண்டுமா? இந்த மண்டபத்தில் தேவையில்லை. இன்னொன்று, இது ஐப்பசிக்கு.

அடைமழை
மின்விசிறியின் கீழே
பள்ளிச் சீருடை

முன்வரிசைப் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். ஈரம் காயாத சீருடையைப் போட்டுக்கொண்டு போன காலை அவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கியோஷிக்குக் குரு அவர். மசவோக்கா ஷிகி. 1867இல் மட்சுயாமா ஊரில் பிறந்து, 1902இல் முப்பத்தைந்து வயது நிறையுமுன் இறந்துபோனவர். ‘ஹைக்கூ’ என்ற பெயரைத் தனிக் கவிதைக்கு நிலைபெறச் செய்தவரே அவர்தான். கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுது, ஓவியன் வெளியே போய் உட்கார்ந்து வரைவதைப் போல வரை என்று புதிய தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார். சொன்னவருக்கு என்ன ஆயிற்று தெரியுமா? வெளியே போகவே முடியாமல் போயிற்று. முதுகெலும்பில் காசநோய். கடைசி ஆண்டுகளில் படுத்த படுக்கை. புரண்டு படுக்கவே வேதனை.

உலகத்தைப் பார்த்து எழுது என்று சொன்ன மனிதருக்கு உலகம் ஒரு பாயளவுக்குச் சுருங்கிவிட்டது. அவர் என்ன செய்தார்? அந்தப் பாயளவு உலகத்தைப் பார்த்தார். 1899 டிசம்பரில் அவருடைய அறைக் கதவில், காகிதத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடி பொருத்திக் கொடுத்தார்கள். கியோஷியின் ஏற்பாடு அது. படுத்தபடியே தோட்டம் தெரிந்தது. தோட்டம் என்றால் அரண்மனைத் தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். தோக்கியோவின் நெகிஷிப் பகுதியில் ஒரு சின்ன வீட்டின் கொல்லை. பந்தலில் நுரைப்பீர்க்குக் கொடி. அழகுக்காக வளர்த்ததில்லை. அந்தக் கொடியின் தண்டுநீரைச் சளிக்கு மருந்தாகக் குடிப்பார்கள். அவ்வளவு அன்றாடமான ஒரு கொடி!

1902 மே மாதத்திலிருந்து ‘நிப்பொன்’ நாளிதழில் அவர் ஒரு தொடர் எழுதினார். அதன் தலைப்பே ஆறடிப் படுக்கை. செப்டம்பர் 17 வரை வந்தது. செப்டம்பர் 19இல் இறந்துபோனார். அதற்கு முந்தின நாள், பலகையில் ஒட்டிய தாளைப் பிடித்துக்கொள்ள ஆட்கள் நிற்க, கடைசியாக மூன்று ஹைக்கூ எழுதினார். மூன்றிலும் பீர்க்கு. சாகக் கிடக்கும் மனிதன் தத்துவம் பேசுவான், கடவுளைக் கூப்பிடுவான் என்று எதிர்பார்க்கிறோம். இவர் ஜன்னலுக்கு வெளியே இருந்த பீர்க்கங்கொடியைப் பற்றியும் தன் தொண்டையில் அடைத்த சளியைப் பற்றியும் எழுதினார். அவருடைய நினைவு நாளுக்கு இன்றும் ஜப்பானில் பீர்க்கு நாள் என்றுதான் பெயர். பெரிய மனிதர்களின் நினைவு நாளுக்குக் காய்கறிப் பெயர் வைக்கும் துணிச்சல் நமக்கு எப்போது வரும்!

இவ்வளவு துன்பத்தில் இன்பம் எங்கே வந்தது என்று ஒரு நண்பர் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஷிகியை வாசித்தவர்களுக்குத் தெரியும், அவர் சிரிக்கத் தெரிந்த நோயாளி. தின்ன என்ன கிடைத்தது, யார் பார்க்க வந்தார்கள், எந்தப் பூ எத்தனை இதழ் விரித்தது என்று கணக்கு வைத்துக்கொண்டே கிடந்தார். வலி குறையவில்லை. ஆனால் நாளில் வலியைத் தவிர வேறு விஷயங்களும் இருந்தன. ஹைக்கூவுக்கு அதைவிடப் பெரிய உரிமை எதையும் நான் கேட்க மாட்டேன். அது நோயைத் தீர்க்காது, அடுக்களை வேலையைக் குறைக்காது. ஹைக்கூ எழுதினால் மன அழுத்தம் போய்விடும் என்று விற்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போது நம் வீட்டுப் பிள்ளையைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டும்.

தமிழில் ஹைக்கூ நன்றாகத்தான் வளர்ந்தது. கவிக்கோ அப்துல் ரகுமான் 1974இல் ‘பால்வீதி’யில் அந்த வகையில் எழுதிப் பார்த்தார். 1984இல் அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’ தனித் தொகுப்பாகவே வந்தது. சுஜாதா ‘ஹைக்கூ ஒரு புதிய அறிமுகம்’ எழுதி, எது ஹைக்கூ எது ஹைக்கூ இல்லை என்று வாத்தியார் பிரம்போடு நின்றார். பேராசிரியர் தி. லீலாவதி ஜப்பானிய ஹைக்கூக்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். இன்று ஊருக்கு ஊர் ஹைக்கூக் கவிஞர்கள். மகிழ்ச்சி. ஆனால் ஒரு நோய் தொற்றிக்கொண்டது. மூன்றாவது வரி நோய்.

முதல் இரண்டு வரி சும்மா இருக்கும். மூன்றாவது வரி வந்து பளார் என்று கன்னத்தில் அறையும். ஒரு மாதிரிக்காக இந்தப் பேச்சுக்கென்றே நான் தயாரித்து வந்திருக்கிறேன், யார் மனமும் புண்பட வேண்டாம்.

காலிக் குடங்கள் வரிசையில்
நிரம்பி வழிகிறது
தலைவரின் வாக்குறுதி

கைதட்டுகிறீர்கள்! தட்டுவீர்கள் என்று தெரியும். இதற்குக் கைதட்டு உறுதி. ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த வரிகளில் நீங்கள் கொண்டுவந்து சேர்த்தது ஏதாவது உண்டா? எனக்கு என்ன கருத்தோ அதை நானே சொல்லி, நானே முடித்து, நானே பூட்டிவிட்டேன். உங்களுக்கு வேலையே வைக்கவில்லை. குடத்தைக்கூட நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வாக்குறுதிக்கு எதிரே வைக்கத் தோதாக ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது, குடம் மாட்டிக்கொண்டது.

அதே தெருவுக்குத் திரும்பப் போவோம். கருத்தைக் கொஞ்ச நேரம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகல். தண்ணீர் லாரி வரும் என்று சொன்னார்கள், வரவில்லை. என்ன தெரிகிறது? பச்சை, சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. பெண்களைக் காணோம். எங்கே? அதோ, எதிர்ப்பக்கம் வேப்பமரத்து நிழலில். வரிசையில் இடம் பிடித்து நிற்பது குடம். வெயிலில் நிற்பதும் குடம். இதை அப்படியே எழுதினால்?

லாரி வரவில்லை
வரிசையில் குடங்கள்
மரத்தடியில் பெண்கள்

இதற்குக் கைதட்டு வராது. வராமல் இருந்ததே எனக்கு நிம்மதி. ஆனால் சிலர் முகம் மாறியது. உங்கள் தெரு வந்துவிட்டது. யார் குடம் யாருக்கு முன்னால் என்று நடந்த சண்டை வந்துவிட்டது. காலையிலிருந்து அந்த மரத்தடியில் என்னென்ன பேசியிருப்பார்கள் என்பது வந்துவிட்டது. அரசியலும் வந்துவிட்டது, கவனியுங்கள். லாரி ஏன் வரவில்லை என்ற கேள்வியை நான் கேட்கவில்லை, நீங்கள் கேட்கிறீர்கள்.

முதலில் சொன்ன குத்தலான வகை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கும் ஜப்பானில் இடம் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கராய் சென்ரியு என்பவர் மனிதர்களைக் கிண்டல் செய்யும் குறும்பாக்களைத் திரட்டினார், அவர் பெயராலேயே அந்த வகை சென்ரியு ஆனது. ஈரோடு தமிழன்பன் ‘ஒரு வண்டி சென்ரியு’ என்றே தலைப்பிட்டு ஒரு தொகுப்புக் கொடுத்தார். குத்த வேண்டுமா, சென்ரியு எழுதுங்கள், நானும் ரசிக்கிறேன். ஆனால் ஹைக்கூவில் கருத்துச் சொல்லி முடிப்பது, கேட்பவரை நம்பாததன் அடையாளம். அவருக்குப் புரியாது, நாமே சொல்லிவிடுவோம் என்ற பயம். அந்தப் பயம் போன அன்றைக்குத்தான் எழுதுவதில் விளையாட்டு வருகிறது.

மீண்டும் அந்த அடுக்களைப் பகுதிக்கு வருகிறேன். இதுவரை அதைப் புகழ்ந்தேன். ஆனால் அந்த அடுக்களைக்குக் கதவு இருந்ததுபோலச் சுவரும் இருந்தது.

சுகிதா ஹிசாஜோ என்று ஒரு பெண். 1890இல் பிறந்தவர். சிறுவயதை ஒகினாவாவிலும் தைவானிலும் கழித்தவர். ஓவியர் ஒருவரை மணந்துகொண்டு கொகுரா என்ற ஊருக்கு வந்தார். கலைவாழ்வு என்று நினைத்து வந்தவருக்குக் கிடைத்தது பள்ளிக்கூட ஓவிய ஆசிரியரின் வீடு. அவருடைய கவிதை முதலில் அச்சேறியது 1917 ஜனவரியில், அந்தச் சமையலறைப் பகுதியில்தான். அந்தக் கதவு இல்லாவிட்டால் ஹிசாஜோ உள்ளே வந்தே இருக்க மாட்டார். கிழிந்த காலுறையைத் தைப்பதையும், ஆசிரியர் மனைவியாகவே காலம் போவதையும் எழுதினார். அதோடு நின்றுவிடவில்லை. மலை ஏறினார். 1931இல் நாடு முழுவதிலுமிருந்து ஹைக்கூக்கள் குவிந்த ஒரு பெரும் போட்டியில், ஹிகோ மலையில் கேட்ட குயிலைப் பற்றி எழுதி உயர்ந்த பரிசை வாங்கினார். தேர்ந்தெடுத்தவர் கியோஷி.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். தன் கவிதைகளை ஒரு நூலாகப் போட வேண்டும், குரு முன்னுரை தர வேண்டும் என்று ஹிசாஜோ கேட்டுக்கொண்டே இருந்தார். முன்னுரை வரவில்லை. 1936இல் ஹொதோதொகிசு குழுவிலிருந்தே அவரை நீக்கினார்கள். 1946இல் ஒரு மருத்துவமனையில் இறந்தார். 1952இல் அவருடைய நூல் வெளிவந்தது. கியோஷியின் முன்னுரையோடு! சமையலறையைப் பற்றி எழுது என்று அழைத்த கை, சமையலறையைத் தாண்டிப் போனவரை என்ன செய்தது, பாருங்கள். பெண் என்றால் அடுக்களையைத்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொண்டால், ஹிசாஜோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர், தகெஷிதா ஷிஸுனோஜோ. இரவில் பாலுக்கு அழும் குழந்தையிடம் ஒரு தாய்க்கு வரும் ஆத்திரத்தை மூடி மறைக்காமல் எழுதி, 1920இல் அதே பத்திரிகையின் முதலிடத்தைப் பிடித்தார். தாய்மையைத் தெய்வமாக்கிப் பழகிய எந்த நாட்டிலும் அது அதிர்ச்சிதான். ஆனால் எத்தனை தாய்மார்கள் அதைப் படித்துவிட்டு, ‘அப்பாடா, நான் மட்டும் இல்லை’ என்று மூச்சு விட்டிருப்பார்கள்! கணவர் இறந்தபின் அவர் ஃபுக்குவோக்கா மாகாண நூலகத்தில் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார் என்பதை, நூலகர் அமர்ந்திருக்கும் இந்த மேடையில் சொல்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

மூன்றாவதாக நகமுரா தெய்ஜோ. 1900இல் பிறந்து 1988 வரை வாழ்ந்தவர். அவர் எழுதியதைப் பார்த்துத்தான் ‘அடுக்களை ஹைக்கூ’ என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அவர் அசரவில்லை. பிள்ளைகளின் இருமலையும் வீட்டு முற்றத்தையும் தொடர்ந்து எழுதினார். 1947இல் சொந்தமாக ஒரு பத்திரிகையே தொடங்கினார். ஏளனம் செய்தவர்கள் யாரென்று தேடினால் எனக்குப் பெயர்கூட அகப்படவில்லை.

இப்படியெல்லாம் வளர்ந்ததால்தான், ஜப்பானில் இன்று ஹைக்கூ கவிஞர்களின் சொத்தாக மட்டும் இல்லை. நாளிதழ்களில் வாசகர் அனுப்பும் ஹைக்கூக்களுக்கு வாரந்தோறும் இடம் உண்டு. 1989 முதல் ஒரு தேநீர் நிறுவனம் போட்டி வைத்து, பொதுமக்கள் எழுதும் ஹைக்கூக்களைப் பச்சைத் தேநீர் போத்தலின் மேலேயே அச்சிடுகிறது. தாகத்துக்கு வாங்கினால் கையில் யாரோ ஒரு பள்ளி மாணவியின் கவிதை! ஷிகியின் ஊரான மட்சுயாமாவில், 1960களில் தொடங்கி, கோட்டை, வெந்நீர் ஊற்று என்று பலர் கூடும் இடங்களிலெல்லாம் ஹைக்கூப் பெட்டி வைத்திருக்கிறார்கள். எழுதிப் போட்டுவிட்டுப் போகலாம்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அவர்களுடைய குகாய். ஹைக்கூக் கூட்டம். அது எப்படி நடக்கிறது என்று விரிவாகவே சொல்கிறேன், காரணம் இருக்கிறது.

கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் சிறிய தாள் துண்டுகளில் தன் ஹைக்கூக்களை எழுதுவார்கள். ஒரு துண்டுக்கு ஒன்று. பெயர் எழுதக் கூடாது. எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கலைத்துவிடுவார்கள். பிறகு அவற்றை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்து, வேறு தாளில் படியெடுக்கச் சொல்வார்கள். எதற்கு? கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்கு! அந்தத் தாள்கள் கைமாறிக் கைமாறிச் சுற்றி வரும். அவரவர் தனக்குப் பிடித்ததைக் குறித்துக்கொள்வார்கள். தன்னுடையதைத் தானே எடுக்கக் கூடாது. பின்பு ஒருவர், யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று உரக்க வாசிப்பார். தன் கவிதை வாசிக்கப்பட்டதும், அதை எழுதியவர் தன் பெயரைச் சொல்வார். அதுவரை யாருக்கும் தெரியாது.

பேராசிரியர் எழுதியதும் பெட்டிக்கடைக்காரர் எழுதியதும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில், பெயரில்லாமல் கிடக்கும். குருவின் கவிதையை ஒருவருமே எடுக்காமல் விடுவதும் உண்டு. அவர் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மூலையில் வாய் திறக்காமல் இருந்த ஒரு பெரியம்மா தன் பெயரைச் சொல்லும்போது மண்டபமே திரும்பிப் பார்க்கும். என் அடுப்பைப் பற்றி நான் எழுதியதை, என்னை யாரென்றே அறியாத ஒருவர், ‘இது என் வீட்டு அடுப்பு’ என்று எடுத்துக்கொண்டார். கேட்பவர் கொண்டுவரும் அந்த மறுபாதி வந்து சேரும் கணம் அது. விருதுக்கும் பொன்னாடைக்கும் பழகிய நம் கவியரங்குகளில் இதை ஒருமுறை முயன்றால் என்ன?

என்ன என்ன, இன்றைக்கே முயல்வோம்! நான் இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் அதுதான். தலைவரிடமும் நூலகரிடமும் முன்பே பேசிவிட்டேன். வாசலருகே மேசையில் வெட்டிய தாள்கள் இருக்கின்றன. பென்சில்களும் இருக்கின்றன. ஆளுக்கு இரண்டு தாள். தலைப்பு, இன்று காலை எழுந்ததிலிருந்து இந்த மண்டபத்துக்கு வரும்வரை நீங்கள் தொட்ட ஏதாவது ஒரு பொருள். பால் பாக்கெட்டோ, பேருந்துக் கம்பியோ, மாமியாரின் மாத்திரை டப்பாவோ, எதுவானாலும் சரி. பொருளைச் சொல்லுங்கள், கருத்தைச் சொல்ல வேண்டாம். மூன்றாவது வரியில் யாரையும் அறைய வேண்டாம். பெயர் எழுத வேண்டாம்.

முன்வரிசைப் பிள்ளைகளே, படியெடுக்கும் வேலை உங்களுக்கு. கோழி கிளறியதுபோல யாராவது எழுதியிருந்தால் சிரிக்காமல் படியெடுக்க வேண்டும், எழுத்துப் பிழையை மட்டும் திருத்தலாம். சுண்டல் தயாராகிவிட்டது என்று பின்னாலிருந்து சைகை வருகிறது. சுண்டலை வாங்கிக்கொண்டே எழுதலாம், தடையில்லை. இருபது நிமிடம். ஐயா, தலைவர் அவர்களுக்கும் இரண்டு தாள் கொடுங்கள், அவர் மேடையிலிருந்து இறங்கப் பார்க்கிறார்.